முன்பாதி எங்கே போகிறது, பின்பாதி எங்கே போகிறது? ஜெர்மனியின் ரயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்மனியில் வட்டார ரயில்களை ஓட்டும் நிறுவனங்களுக்கும், அந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும் மாநிலப் போக்குவரத்துத் துறைகளுக்கும்,

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம் முழுக்க ஜெர்மனில் இருந்தது. மகள் படித்துச் சொன்ன பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இதையும் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். (பயப்பட வேண்டாம், மகளின் மொழிபெயர்ப்பும் இதோடு வருகிறது.)

வழியில் இரண்டாகப் பிரிந்த ரயிலின் தவறான பாதியில் இருந்ததற்காக என் மேல் போட்ட 60 யூரோ அபராதத்தைத் தள்ளுபடி செய்வதாக அந்தக் கடிதம் சொன்னது. அதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். தள்ளுபடிக்குக் காரணமாக 'குலான்ஸ்' என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள். கொடுக்க வேண்டிய கடமை இல்லை, ஆனாலும் போனால் போகிறது என்று விட்டுக்கொடுப்பது என்று மகள் விளக்கினாள். அந்தச் சொல்தான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது. எனக்குப் பெருந்தன்மை வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது, சரியான நேரத்தில், எனக்குப் புரியும் மொழியில்.

எனக்கு 63 வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்கு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். மகளின் பிரசவத்துக்காக வந்தேன். 90 நாள் விசா. ஆங்கிலம் படிப்பேன், பேசுவேன். தனியாக ரயில் ஏறுவது எனக்குப் புதிதில்லை. விடைத்தாள் திருத்த, பயிற்சி வகுப்புக்குப் போக என்று வாழ்நாளில் பாதியை ரயில்வே நேரத்தில் கழித்தவள் நான்.

அன்று போக வேண்டியிருந்தது நாத்தனார் மகள் வீட்டுக்கு. இரண்டு மணி நேரப் பயணம், இடையில் வண்டி மாற வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு மகள் வர முடியாது, மருமகனுக்கு வேலை. நான் தனியாகப் போவேன் என்று நான்தான் அடம்பிடித்தேன். எந்த ஊர், எந்த வழித்தடம், எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பதற்காக நான் இதை எழுதவில்லை. உங்களில் பலருடைய வண்டிகளில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

தயாராகத்தான் போனேன். ஒரு சிறு நோட்டில் பதினோரு ஜெர்மன் சொற்கள். நடைமேடைக்கு 'க்ளைஸ்', புறப்பாட்டுக்கு 'அப்ஃபார்ட்', இன்றைக்கு 'ஹொய்டே' என்று தமிழில் எழுதி வைத்திருந்தேன். எண்களையும் படித்தேன். அதில்தான் கணக்கு டீச்சரே தடுமாறினாள். உங்கள் மொழியில் இருபத்து நான்கை 'நாலும் இருபதும்' என்று சொல்கிறீர்கள், ஒன்றாம் இடம் முதலில், பத்தாம் இடம் பிறகு. ஒலிபெருக்கியில் யாராவது வேகமாகச் சொன்னால் என் காதுக்கு 24 என்பது 42 ஆகிவிடுகிறது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் பயிற்சி எடுத்தேன். அதனால் 'உங்கள் தரப்பில் எந்த முயற்சியும் இல்லை' என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

வண்டி நேரத்துக்கு வந்தது. முகப்பில் நான் போக வேண்டிய ஊரின் பெயர் இருந்தது. அதன் மேலே இன்னொரு பெயரும் இருந்தது. மேலே இருப்பது கடைசி ஊர், கீழே இருப்பது வழியில் வரும் ஊர் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பேருந்துகளில் அப்படித்தான் எழுதுவார்கள். ஏறியதும் பதிவு செய்த குரல் ஒன்று ஜெர்மனில் வரவேற்றது, பின்னாலேயே ஆங்கிலத்திலும் வரவேற்றது. அடுத்த நிறுத்தம் இன்னது என்பதும் இரண்டு மொழியிலும் வந்தது. அட, பரவாயில்லையே, பிழைத்தேன் என்று நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு சந்திப்பில் வண்டி நின்றது. இப்போது பேசியது பதிவுக் குரல் இல்லை, ஆள். ஜெர்மனில் மட்டும், நாற்பது விநாடி இருக்கும். அதில் 'ட்சூக்டைல்' என்ற சொல் நான்கு முறை வந்தது. வண்டியின் ஒரு பகுதி என்று அதற்கு அர்த்தமாம், என் பதினோரு சொற்களில் அது இல்லை. பெட்டியில் ஏழெட்டுப் பேர் எழுந்து இறங்கினார்கள். பெரிய சந்திப்பு, இறங்கத்தானே செய்வார்கள்! அவர்களில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் பின்பக்கமாக ஓடுவதைக்கூட ஜன்னல் வழியே பார்த்தேன். யாரையோ பிடிக்க ஓடுகிறார் என்று நினைத்தேன். அவர் பின்பாதி ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறார்.

ரயில் இரண்டாகப் பிரியும் என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வாஞ்சி மணியாச்சி என்று ஒரு சந்திப்பு உண்டு. முன்பெல்லாம் கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவில் போகும் வண்டியில் வரும் தூத்துக்குடிப் பெட்டிகளை அங்கேதான் கழற்றுவார்கள். மணியாச்சி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே பெட்டியில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். 'தூத்துக்குடியா? இது இல்லங்க, அந்தப் பெட்டி' என்று டீ விற்பவர்கூடச் சொல்வார். உங்கள் நாட்டிலேயே பார்த்தும் இருக்கிறேன். ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலுக்கு மருமகனோடு போனபோது, அவர் அந்த ஸ்டேஷனைக் காட்டிச் சொன்னார்: பெர்லினிலிருந்து வரும் விரைவு ரயில் இங்கே இரண்டாகிறது, ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸென் வழியாக டுசல்டோர்ஃப் பக்கம் போகும், மறு பாதி ஹாகென், வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்குப் போகும் என்று. நாங்கள் வந்த தொலைதூர ரயிலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். மியூனிக்குக்குத் தெற்கே ஒரே வண்டி ஹோல்ட்ஸ்கிர்ஷனில் ஒரு முறை, ஷாஃப்ட்லாஹில் இன்னொரு முறை பிரிந்து, மூன்று துண்டாக மூன்று மலையடிவார ஊர்களுக்குப் போகிறது என்பதையும் பிறகு படித்தேன். கணக்குப் பார்க்கிறவளுக்கு அது அழகான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஒரு தடத்தில் ஒரு வண்டிக்கான நேரத்தில் மூன்று ஊருக்கு ஆள் கொண்டுபோகிறீர்கள். நான் குறை சொல்வது அந்த ஏற்பாட்டை அல்ல, அதை யாருக்குச் சொல்கிறீர்கள் என்பதைத்தான்.

வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் பரிசோதகர் வந்தார். இயந்திரத்தில் நான் வாங்கிய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை என்றதும் நல்ல, தெளிவான ஆங்கிலத்துக்கு மாறினார். நான் வண்டியின் தவறான பகுதியில் இருக்கிறேன், இந்த வழித்தடத்துக்கு என் சீட்டு செல்லாது, எனவே 60 யூரோ. அறிவிப்பு எனக்குப் புரியவில்லை என்றேன். அறிவிப்பு செய்யப்பட்டது என்றார். இரண்டுமே உண்மை. மாதச் சந்தாவான ஜெர்மனி டிக்கெட் இருந்திருந்தால் எந்த வட்டார ரயிலிலும் செல்லும், தப்பியிருப்பேன். ஒரு நாள் பயணத்துக்கு யார் சந்தா கட்டுவார்கள்?

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார், அடுத்து எங்கே இறங்க வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் அந்த ஆங்கிலம்! அபராதம் எழுத இருந்த ஆங்கிலம், பத்து நிமிடம் முன்பு வண்டி நின்றிருந்தபோது எங்கே போயிருந்தது?

இறங்கியது ஆள் இல்லாத ஸ்டேஷன். ஒரு பெஞ்சு, ஒரு டிக்கெட் இயந்திரம், எழுத்து ஓடும் சிறிய பலகை ஒன்று. கழிப்பறை இல்லை, கடை இல்லை. என்னோடு ஆறு வயதுப் பையனுடன் ஓர் இளம்பெண்ணும் இறங்கினாள். உக்ரைன்காரி. அவளுக்கு ஜெர்மனும் வராது, ஆங்கிலமும் வராது. அவள் செல்பேசியில் உக்ரைன் மொழியில் ஏதோ சொல்லி என்னிடம் நீட்டினாள். திரையில் ஆங்கிலத்தில் 'நீங்களும் பின்பகுதியில் இருந்திருக்க வேண்டியவரா?' என்று இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் சிரித்தோம். பையன் எங்களை முறைத்தான்.

திரும்பும் வண்டிக்கு 50 நிமிடம் என்று பலகை காட்டியது. காத்திருந்தோம். நேரம் நெருங்கும்போது பலகையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. செல்பேசிக் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடுமே என்பீர்கள். ஓடுகிற எழுத்தை அதற்குப் படிக்கத் தெரியவில்லை. நான்கு முறை முயன்று, சிக்கிய இரண்டு சொற்களை அது தமிழில் தந்தது: 'வெளியே விழுகிறது'. எது வெளியே விழுகிறது? தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன், சத்தியமாக. 'ஃபெல்ட் அவுஸ்' என்றால் வண்டி ரத்து என்பது பிறகு மகளைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது.

ரத்தான வண்டிக்குப் பதில் பேருந்து. உங்கள் மொழியில் அதற்கு ரயிலைவிட நீளமான ஒரு பெயர் இருக்கிறது, 'ஷீனன் எர்சாட்ஸ் ஃபெர்கேர்'. அறிவிப்புப் பலகையின் மூலையில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பேருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்காது, ஊருக்குள் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் என்று அதில் இருந்ததாம். படம் இல்லை, அம்புக்குறி இல்லை. நாயோடு நடந்து வந்த ஒரு முதியவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தாளையும் பார்த்துவிட்டு, கையால் 'வாருங்கள்' என்று காட்டி, எட்டு நிமிடம் எங்களோடு நடந்து வந்து நிறுத்தத்தில் விட்டார். அவரும் நாங்களும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. பேருந்து வரும் வரை அவர் போகவும் இல்லை. உங்கள் மக்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நாத்தனார் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது 3 மணி 10 நிமிடத் தாமதம். செல்பேசியில் நான்கு சதவீதம் சார்ஜ். நாத்தனார் மகள் அழுதுகொண்டு நின்றாள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் திருப்பித் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இருக்கிறது. அறிவிப்பு புரியாமல் ஒருவர் தவறான பாதியில் போய்விட்டால் அதற்கு அந்த விதியில் இடம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அபராதத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது.

நான் ஏறிய வண்டிகளில் எல்லாம் கவனித்தது இதுதான். நல்வரவு இரண்டு மொழியில் வருகிறது. அடுத்த நிறுத்தம், 'பயணத்துக்கு நன்றி' எல்லாம் இரண்டு மொழியில் வருகின்றன. நடைமேடை மாறியது, வண்டி பாதி வழியில் முடிகிறது, இந்த நிறுத்தம் இன்று கிடையாது, வண்டி பிரிகிறது, இவை மட்டும் ஜெர்மனில் வருகின்றன. காரணம் புரியாமல் இல்லை. முதல் வகை முன்கூட்டியே பதிவு செய்தது, இரண்டாம் வகையை ஓட்டுநரோ நடத்துநரோ அந்த நேரத்தில் பேசுகிறார். ஆனால் என் வண்டி அந்தச் சந்திப்பில் பிரிவது அவசரத்தில் நடந்ததா? கால அட்டவணையிலேயே உள்ளது, ஒவ்வொரு நாளும் நடக்கிறது. அதைப் பதிவு செய்ய என்ன தடை? அது மட்டுமல்ல, சீட்டு விற்கும்போது உங்கள் இயந்திரம் முதலில் கேட்பதே எந்த மொழி என்றுதான். நான் ஆங்கிலக் கொடியைத் தொட்டேன். அந்த நிமிடமே எனக்கு ஜெர்மன் தெரியாது என்று உங்களிடம் சொல்லிவிட்டேன்தானே?

ஜெர்மனியில் ஜெர்மன்தான் பேசுவோம், வருகிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மண்ணில் அந்த மண்ணின் மொழிக்கே முதலிடம் என்பதைத் தமிழ்நாட்டுக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலிடத்தை நான் கேட்கவில்லை. எங்கள் ஸ்டேஷன்களின் மஞ்சள் பலகையில் மேலே தமிழ்தான் இருக்கும். கீழே இந்தி, அதற்கும் கீழே ஆங்கிலம். அதனால் தமிழ் எதையும் இழந்துவிடவில்லை. (எங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பையன் எங்கள் சிறிய ஸ்டேஷனில் வண்டி தாமதத்தைப் பற்றி யாரிடம் விசாரிப்பான் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அந்த மடலை ஊருக்குப் போய் எழுதுவேன்.)

மேலும், இந்தச் சிக்கல் வெளிநாட்டாருக்கு மட்டும் உரியதும் அல்ல. ஒலிபெருக்கியில் மட்டும் வரும் செய்தி காது கேளாத ஒரு ஜெர்மானியருக்கும் வந்து சேராது. அவருக்கும் எனக்கும் அன்று ஒரே நிலைதான்.

இன்னொன்று. இந்தியாவிலிருந்து வரும் திறன்மிகு பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் உங்கள் அரசு அறிவித்தது. உக்ரைனிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுத்திருக்கிறீர்கள். வருகிறவர்கள் முதல் நாளே உங்கள் ரயிலில்தான் ஏறுகிறார்கள், மொழி வகுப்புக்குப் போவதற்கே ரயில் ஏறத்தான் வேண்டும். பிள்ளைகள் வேலைக்கு வந்தால், பேறுகாலத்துக்கு என்னைப் போன்ற அம்மாக்களும் வருவோம்.

நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மாநிலத் துறைகளுக்கு. 1996 முதல் வட்டார ரயில்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது. எத்தனை இருக்கை, எத்தனை கதவு என்பதெல்லாம் பேசி ஒப்பந்தம் போடுகிறீர்கள். அடுத்த ஒப்பந்தத்தில் இதையும் சேருங்கள்: பயணி எழுந்து ஏதாவது செய்ய வேண்டிய எந்தச் செய்தியும், அதாவது பிரிவது, ரத்து, நடைமேடை மாற்றம், பாதியில் முடிவது எல்லாம், ஜெர்மனுக்கு அடுத்து எளிய ஆங்கிலத்திலும் வர வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் திரையில் எழுத்திலும் வர வேண்டும். ஓட்டுநர் ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பதிவு செய்து ஒரு பொத்தானில் வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ரயில் நிறுவனங்களுக்கு: பிரியப்போகும் வண்டியில் ஒவ்வொரு கதவின் மேலும் அந்தப் பாதி போகும் ஊரின் பெயரை மட்டும் காட்டுங்கள். இரண்டு ஊரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் என்னைப் போலத்தான் ஆகும். பிரிவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பிருந்தே உள்ளேயும் காட்டுங்கள், வயதானவர்களுக்கு இறங்கிப் பெட்டி மாற நேரம் வேண்டும். ஸ்டேஷன் பலகையில் ரத்துச் செய்தி ஓட வேண்டாம், பத்து விநாடி அசையாமல் நிற்கட்டும். மற்றதைச் செல்பேசி பார்த்துக்கொள்ளும். மாற்றுப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடைமேடையிலிருந்தே ஒரு பேருந்துப் படமும் அம்புக்குறியும் போடுங்கள். அதற்கு மொழியே தேவையில்லை, ஒரு வாளி பெயிண்ட் போதும். ஆள் இல்லாத ஸ்டேஷன்களில், அழுத்தினால் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பேசும் பொத்தான் ஒன்றையாவது வையுங்கள்.

அபராதத்தைப் பற்றி: செல்லுபடியாகும் சீட்டோடு ஏறி, வண்டி பிரிந்தபோது தவறான பாதியில் தங்கிவிட்டவரிடம் பணம் கேட்கக் கூடாது, சந்திப்புக்குத் திரும்பிப் போக அதே சீட்டு செல்ல வேண்டும். இதைக் 'குலான்ஸ்' என்று கடிதத்தில் எழுதாமல் பயண விதிகளில் எழுதுங்கள். கடிதம் அனுப்புவதாக இருந்தால், சீட்டு வாங்கும்போது பயணி எந்த மொழியைத் தொட்டாரோ அந்த மொழியிலும் அனுப்புங்கள்.

பேரனின் ஆண்டு நிறைவுக்கு மறுபடி வருவேன். அதே வழித்தடத்தில், அதே வண்டியில், தனியாகத்தான் நாத்தனார் மகள் வீட்டுக்குப் போகப் போகிறேன். இவற்றில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று அதற்குள் எழுதுங்கள். பதில் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
பாளையங்கோட்டை.